எந்த உயரத்தில் எந்த மறுசேர்க்கை விதி? வளிமண்டல அயனிக் கணக்குக்கு ஓர் ஒப்பீடு

வளிமண்டலத்தின் ஏதேனும் ஓர் உயரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை அயனிகள் இருக்கும் என்று கணக்கிட அமர்பவருக்கு இரண்டு விவரங்கள் வேண்டும். அங்கே வினாடிக்கு எத்தனை அயனி இணைகள் உருவாகின்றன என்பது ஒன்று. உருவானவை எந்த வழியில் அழிகின்றன என்பது மற்றொன்று. முதலாவதற்குக் காஸ்மிக் கதிர்கள், ரேடான், சூரியனின் புற ஊதாக் கதிர்கள், எக்ஸ் கதிர்கள் என்று அளந்தறிந்த மூலங்கள் உள்ளன. இரண்டாவதில்தான் பலரும் அவசரப்பட்டு, பாடப்புத்தகத்தில் கண்ட ஒற்றை மறுசேர்க்கைக் குணகத்தை (நேர், எதிர் மின்சுமைகள் மீண்டும் சேர்ந்து அழியும் வேகத்தைக் குறிக்கும் எண்ணை) எடுத்துப் போட்டுவிட்டு மேலே நகர்ந்துவிடுகிறார்கள். தரைமட்டத்திலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் வரை அயனிகள் மறுசேரும் வழி பலமுறை மாறுகிறது. வழி மாறும்போது குணகத்தின் மதிப்பு மட்டுமன்றிச் சமன்பாட்டின் வடிவமும் மாறுகிறது. எந்த உயரத்துக்கு எந்த வடிவத்தைத் தேர்வது என்பதையே இக்கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

தேர்வில் முதலிடம் தரவேண்டியது சமன்பாட்டின் வடிவத்துக்கே என்பது என் கருத்து. இழப்பு அயனி அடர்த்தியின் இருபடிக்கு ஏற்ப நடந்தால், சமநிலை அடர்த்தி என்பது உற்பத்தி வீதத்தைக் குணகத்தால் வகுத்து எடுத்த வர்க்கமூலமாகும். ஆகவே குணகத்தில் இருமடங்கு பிழை இருந்தாலும் அடர்த்தியில் அது 1.4 மடங்குப் பிழையாகச் சுருங்கிவிடுகிறது. அடர்த்திக்கு நேர்விகிதத்தில் நடக்கும் ஒருபடி இழப்பில் இந்தச் சலுகை கிடையாது; குணகத்தில் எவ்வளவு பிழையோ அவ்வளவும் அப்படியே விடையில் வந்து உட்காரும். அதைவிட முக்கியமாக, உற்பத்தி நின்றபின் அடர்த்தி எப்படித் தேய்கிறது என்பதில் இரண்டு வடிவங்களும் முற்றிலும் வேறுபட்ட விடைகளைத் தருகின்றன. அந்த வேறுபாட்டைக் கீழே எண்களோடு பார்க்கலாம்.

எந்த வடிவம் பொருந்தும் என்று முடிவுசெய்ய ஒரு கேள்வி உதவும்: ஒரு நேர் அயனியும் ஓர் எலக்ட்ரானும், அல்லது ஒரு நேர் அயனியும் ஓர் எதிர் அயனியும் சேரும்போது வெளிப்படும் ஆற்றலை யார் சுமந்து செல்கிறார்கள்? ஆக்சிஜன் மூலக்கூறு அயனி ஓர் எலக்ட்ரானைப் பெற்றால் சுமார் 12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் விடுபடுகிறது. அதை அகற்ற வழியில்லையேல் சேர்ந்த இணை அப்படியே பிரிந்துவிடும். அடர்ந்த காற்றில் அருகில் இருக்கும் மூன்றாவது மூலக்கூறு ஒன்று மோதி அந்த ஆற்றலை எடுத்துச் செல்கிறது. அடர்த்தி குறைந்த காற்றில் மூன்றாவதாக யாரும் இல்லாததால், சேர்ந்த மூலக்கூறே இரண்டு அணுக்களாகப் பிளந்து ஆற்றலை அவற்றின் வேகமாகவும் கிளர்ச்சியாகவும் மாற்றிக்கொள்கிறது. பிளப்பதற்கு எதுவுமில்லாத தனி அணு அயனியாக இருந்தாலோ ஓர் ஒளித்துகளை உமிழ்வதே மிஞ்சும் வழி. அது மிக அரிதாகவே நிகழ்வது.

தரைமட்டத்தில் தொடங்குவோம். இங்கே தனித்த எலக்ட்ரான்கள் அநேகமாக இல்லை. வெளிப்பட்ட எலக்ட்ரானை ஆக்சிஜன் மூலக்கூறு, இன்னொரு மூலக்கூறின் உதவியோடு, சில பத்து நானோவினாடிகளுக்குள் பிடித்துக்கொள்கிறது. ஆகவே மறுசேர்வன நேர் அயனியும் எதிர் அயனியுமே. இரண்டையும் சுற்றி நீர் மூலக்கூறுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். இச்சூழலுக்கு நெடுங்காலமாகப் பயன்படும் குணகம் 1.6 × 10⁻⁶ கன செ.மீ./வினாடி (கீழே அலகு சொல்லாமல் வரும் குணகங்களுக்கும் இதே அலகு). நிலப்பரப்பின் மேல் ரேடானும் மண்ணின் காமாக் கதிர்களும் காஸ்மிக் கதிர்களும் சேர்ந்து ஒரு கன செ.மீ.-இல் வினாடிக்குச் சுமார் 10 அயனி இணைகளை உண்டாக்குவதாகக் கொண்டால், தூய காற்றில் சமநிலை அடர்த்தி 2,500 என்று வரும். ஓர் அயனியின் சராசரி ஆயுள் நான்கு நிமிடங்களைச் சற்றே தாண்டும்.

இந்தக் குணகத்துக்குப் பின்னால் இரண்டு பழைய கோட்பாடுகள் இருக்கின்றன. எங்கே எதை நம்பலாம் என்பது தேர்வுக்குத் தேவைப்படுவதால் இரண்டையும் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். பால் லாஞ்செவன் 1903-இல் முன்வைத்த கோட்பாடு, இரண்டு அயனிகளும் மின்கவர்ச்சியால் காற்றினூடே ஒன்றை நோக்கி ஒன்று மெல்ல நகர்ந்து வந்து, சந்தித்தால் தவறாமல் மறுசேரும் என்று கொள்கிறது. அதன்படி குணகம் இரு அயனிகளின் நகர்திறன்களின் (மின்புலத்தில் காற்றினூடே எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதன் அளவு) கூட்டுத்தொகைக்கு நேர்விகிதத்தில் அமையும். தரைமட்டக் காற்றுக்கு அது சுமார் 5 × 10⁻⁶ என்று தருகிறது. இது அளந்த மதிப்பைப்போல் மூன்று மடங்கு. காரணம், சாதாரண அழுத்தத்தில் அருகருகே வந்த இணைகள் அனைத்தும் சேர்ந்துவிடுவதில்லை. மூன்றாவது மூலக்கூறொன்று தக்க தருணத்தில் மோதாவிட்டால் ஒன்றையொன்று கடந்து போய்விடுகின்றன. ஜே. ஜே. தாம்சன் 1924-இல் இந்தப் பக்கத்திலிருந்து சிக்கலை அணுகினார். மின்கவர்ச்சி ஆற்றல் வெப்ப ஆற்றலுக்குச் சமமாகும் தொலைவுக்குள் இரு அயனிகளும் வந்திருக்கும்போது அவற்றில் ஒன்றாவது ஒரு மூலக்கூறோடு மோதினால் மட்டுமே அவை சிக்கிக்கொள்ளும் என்பது அவர் வாதம். அறை வெப்பநிலையில் அந்தத் தொலைவு சுமார் 37 நானோமீட்டர். அழுத்தம் குறையக் குறைய அந்தச் சிறு கோளத்துக்குள் மோதல் நிகழும் வாய்ப்பும் குறைவதால், தாம்சன் கோட்பாட்டில் குணகம் காற்றின் அடர்த்தியோடு சேர்ந்து இறங்குகிறது. லாஞ்செவன் கோட்பாட்டிலோ அடர்த்தி கூடக்கூட நகர்திறன் குறைந்து குணகமும் இறங்குகிறது. ஏறுமுகமும் இறங்குமுகமும் சந்திக்கும் உச்சம் தரைமட்ட அழுத்தத்துக்கு அருகிலேயே அமைந்திருக்கிறது. வளிமண்டலக் கணக்குக்கு லாஞ்செவன் கோட்பாட்டை நேரடியாகத் தேர்வதில் பயனில்லை. அது இதைவிட அடர்ந்த வாயுக்களுக்கு உரியது.

தரைமட்டத்தில் குணகத்தின் துல்லியத்தைப் பற்றி இவ்வளவு விவாதிப்பது ஒரு வகையில் வீண் என்றுகூடச் சொல்லலாம். ஏனெனில் அங்கே அயனிகளில் பெரும்பகுதி ஒன்றோடொன்று சேர்ந்து அழிவதில்லை. காற்றில் மிதக்கும் நுண்துகள்களின்மேல் ஒட்டி அழிகின்றன. ஒரு கன செ.மீ.-இல் 10,000 நுண்துகள்கள் இருப்பதாகவும், ஒட்டும் குணகம் 10⁻⁶ என்றும் வைத்துக்கொள்வோம் (துகளின் அளவைப் பொறுத்து இது மாறும்). அப்போது மறுசேர்க்கையும் ஒட்டுதலும் சேர்ந்த சமன்பாட்டின் விடை 2,500-இலிருந்து சுமார் 880 ஆக இறங்கிவிடுகிறது. இந்நிலையில் மறுசேர்க்கைக் குணகத்தை இருமடங்காக்கிப் பாருங்கள்: விடை 800-க்குத்தான் இறங்கும். மாறாக, துகள்களின் எண்ணிக்கையை இருமடங்காக்கினால் 480-க்கு இறங்கிவிடும். தரையை ஒட்டிய காற்றுக்கு ஒருபடி ஒட்டுதல் உறுப்பைச் சேர்க்காத எந்த மாதிரியையும் நான் ஏற்கமாட்டேன். அதைச் சேர்த்துவிட்டால் குணகம் 1.6-ஆ 1.7-ஆ என்ற கேள்வி தானாகவே முக்கியத்துவம் இழந்துவிடும். தூய கடற்காற்றிலும், மேகங்களற்ற மேல் அடிவளி மண்டலத்திலும் துகள்கள் குறைந்துவிடுவதால் அங்கே இருபடி வடிவம் மட்டுமே போதுமானதாக இருக்கக்கூடும்.

மேலே ஏறும்போது உற்பத்தி வீதம் முதலில் கூடுகிறது. விக்டர் ஹெஸ் 1912 ஆகஸ்டில் பலூனில் 5 கி.மீ.-க்கு மேல் சென்று கண்டறிந்தது இதைத்தான். இந்த ஏற்றம் 15 முதல் 20 கி.மீ. வாக்கில் உச்சத்தை எட்டுவதை 1930-களில் ரெகெனரும் ஃபோட்ஸரும் காட்டினார்கள். குணகம் இந்த உயரங்களில் எப்படி நடந்துகொள்கிறது? காற்று அடர்த்தி குறைவது அதைக் கீழே இழுக்க, வெப்பநிலை குறைவது மேலே தள்ளுகிறது. குளிர்ந்த அயனிகள் ஒன்றின் பிடியில் ஒன்று எளிதாகச் சிக்கும். இந்த இரண்டு போக்குகளும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்வதால், 10–15 கி.மீ. வரை தரைமட்ட மாறிலியையே வைத்துக்கொண்டாலும் பெரும் பிழை நேர்வதில்லை. அதற்கு மேல் அடர்த்தியின் சரிவே மேலோங்கிவிடுகிறது; மாறிலியைக் கைவிட வேண்டிய இடம் அதுதான்.

அடுக்கு மண்டலத்துக்கு நான் பரிந்துரைப்பது, டேவிட் ஸ்மித், நைஜல் ஆடம்ஸ் ஆகியோரின் ஆய்வக அளவீடுகளைத் தழுவிய இரண்டு உறுப்புச் சூத்திரத்தை. அதன் முதல் உறுப்பு மூன்றாவது மூலக்கூறு தேவைப்படாத நேரடி மின்சுமைப் பரிமாற்றம்: 6 × 10⁻⁸ என்பதை, 300-ஐ வெப்பநிலையால் வகுத்துவந்த எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். இரண்டாவது உறுப்பு மூன்று-பொருள் மோதலுக்கு உரியது: 1.25 × 10⁻²⁵ என்பதைக் காற்றின் மூலக்கூறு அடர்த்தியாலும், 300-ஐ வெப்பநிலையால் வகுத்துவந்த எண்ணின் நான்காம் அடுக்காலும் பெருக்க வேண்டும். 20 கி.மீ. உயரத்தில், 217 கெல்வின் வெப்பநிலையில், இது சுமார் 9 × 10⁻⁷ என்று தருகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மூன்று-பொருள் மோதலுடையது. 30 கி.மீ.-இல் 2.1 × 10⁻⁷. ஏறத்தாழ 34–35 கி.மீ.-இல் இரண்டு உறுப்புகளும் சமமாகின்றன. 40 கி.மீ.-ஐ எட்டும்போது மொத்தம் 9 × 10⁻⁸-க்கு அருகில் இறங்கி, அதன் பெரும்பகுதி முதல் உறுப்பிலிருந்தே வருகிறது. அதற்கு மேல் காற்று எவ்வளவு மெலிந்தாலும் நேரடிப் பரிமாற்றம் தடையின்றி நடப்பதால், அயனி–அயனி மறுசேர்க்கைக் குணகம் 6 அல்லது 7 × 10⁻⁸ என்ற தளத்தில் நின்றுவிடுகிறது.

மாறிலிக்கும் இந்தச் சூத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை 30 கி.மீ.-இல் கணக்கிட்டுப் பார்க்கலாம். அங்கே உற்பத்தி வீதம் கன செ.மீ.-க்கு வினாடிக்கு 3 என்று கொண்டால், தரைமட்ட மாறிலி 1,370 அயனி இணைகள் என்கிறது. சூத்திரம் 3,700 என்கிறது. வர்க்கமூலம் பிழையைச் சுருக்கிய பின்னும் மிஞ்சும் வேறுபாடு இது. பலூனில் ஏற்றிய கருவியின் அளவீட்டோடு ஒப்பிட நினைப்பவருக்கு இது புறக்கணிக்கக்கூடியதன்று. அதேவேளை இந்தச் சூத்திரத்தைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு வருவதும் தவறு. தரைமட்ட அடர்த்தியை அதில் இட்டால் 3.2 × 10⁻⁶ என்று, அளந்த மதிப்பைப்போல் இருமடங்கு வருகிறது. மூன்று-பொருள் மோதலின் வேகம் ஒரு கட்டத்துக்கு மேல் நகர்திறனால் கட்டுப்படுத்தப்படும் என்பது அச்சூத்திரத்தில் இல்லாததே காரணம். 10 கி.மீ.-இலும் அது மிகையாகவே தருகிறது. ஆகவே தரையிலிருந்து 10 கி.மீ. வரை மாறிலியும் ஒட்டுதல் உறுப்பும், அதற்கு மேல் 15 கி.மீ. வரை படிப்படியான இணைப்பு, அங்கிருந்து 50–60 கி.மீ. வரை இரண்டு உறுப்புச் சூத்திரம் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

இப்போது 60 முதல் 90 கி.மீ. வரையிலான பகுதியைத் தாண்டிச் சென்று மேலேயுள்ள அடுக்குகளை முதலில் பார்த்துவிடலாம். அயனி மண்டலத்தை உயர வரிசையில் டி, இ, எஃப் (D, E, F) என்று மூன்று அடுக்குகளாகப் பிரிப்பார்கள். இடைப்பட்ட அந்த டி அடுக்கில் எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் நடப்பதால், இரு பக்கத்து எளிய நிலைகளையும் அறிந்தபின் அதற்கு வருவதே நல்லது.

90 முதல் 150 கி.மீ. வரையுள்ள இ அடுக்கில் எதிர் அயனிகள் இல்லை. காற்று அத்தனை மெலிந்துவிட்டதால் எலக்ட்ரான்கள் தனித்தே திரிகின்றன. நேர் அயனிகளில் மேலோங்கியவை நைட்ரிக் ஆக்சைடு அயனியும் ஆக்சிஜன் மூலக்கூறு அயனியும். இரண்டும் எலக்ட்ரானைப் பெற்றவுடன் அணுக்களாகப் பிளந்துவிடுகின்றன. இந்தப் பிளவு மறுசேர்க்கையின் குணகம் 300 கெல்வினில் முதலாவதற்குச் சுமார் 4 × 10⁻⁷, இரண்டாவதற்குச் சுமார் 2 × 10⁻⁷. இந்த வழி இருந்தாக வேண்டும் என்பதை இயற்பியலாளர்கள் பேட்ஸும் மாஸ்ஸியும் 1940-களின் பிற்பகுதியில் வலியுறுத்தினார்கள். அயனி மண்டல அளவீடுகள் 10⁻⁸ அளவிலோ அதற்கு மேலோ குணகத்தைக் காட்டிக்கொண்டிருக்க, ஒளித்துகளை உமிழும் மறுசேர்க்கை 10⁻¹² அளவுக்கு மேல் தர இயலவில்லை. நான்கு படிநிலை இடைவெளியை, அதாவது பத்தாயிரம் மடங்கு வேறுபாட்டை, அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. பின்னர் ஆய்வக அளவீடுகளும் பிளவு மறுசேர்க்கையின் வேகத்தை உறுதிசெய்தன.

இந்த அடுக்குக்கு இருபடி வடிவம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பகலில் எலக்ட்ரான் அடர்த்தி கன செ.மீ.-க்கு 10⁵, குணகம் 3 × 10⁻⁷ என்று கொண்டால் ஓர் எலக்ட்ரானின் ஆயுள் அரை நிமிடம்தான். உற்பத்தி நின்று ஒரு மணி நேரம் ஆனபின் இருபடி விதிப்படி சுமார் 900 மிஞ்சும். அதே அரை நிமிட ஆயுளை வைத்துக்கொண்டு ஒருபடி விதியைப் பயன்படுத்தினால் ஒரு மணி நேரத்தில் ஓர் எலக்ட்ரான்கூட மிஞ்சாது. (மெய்யான இரவில் விண்ணிலிருந்து சிதறிவரும் புற ஊதா ஒளி சில ஆயிரம் எலக்ட்ரான்களைத் தக்கவைக்கிறது என்பது வேறு கதை.) கையாளும்போது ஒரு கவனம் தேவை: குணகத்தைத் தீர்மானிப்பது எலக்ட்ரான்களின் வெப்பநிலை, வாயுவினுடையது அன்று. இ அடுக்கின் மேற்பகுதியிலிருந்து இரண்டும் பிரியத் தொடங்குகின்றன. எலக்ட்ரான் வெப்பநிலை 1,000 கெல்வினை எட்டினால் நைட்ரிக் ஆக்சைடு அயனியின் குணகம் 1.5 × 10⁻⁷ அளவுக்கு இறங்கிவிடும்.

இந்த உயரத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. எரிகற்கள் ஆவியாகி விட்டுச்செல்லும் இரும்பு, மக்னீசியம் அணுக்கள் அயனியானால் அவற்றுக்குப் பிளந்து ஆற்றலை விட வழியில்லை. ஒளித்துகளை உமிழ்ந்தே மறுசேர வேண்டும். மூலக்கூறு அயனிகள் வினாடிக் கணக்கில் மறையும் இடத்தில் இவை மணிக்கணக்கிலும் அதற்கு மேலும் நீடிக்கின்றன. காற்றோட்டத்தின் திசைமாற்றம் இவற்றைச் சில கிலோமீட்டர் தடிமனுள்ள மெல்லிய தகடுகளாகக் குவிக்கும்போது, நள்ளிரவிலும் வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் திடீர் இ அடுக்கு தோன்றுகிறது. அதை மூலக்கூறு அயனிகளின் குணகத்தால் விளக்க முயல்வது வீண்.

எஃப் அடுக்கில், அதாவது 200 கி.மீ.-க்கு மேல், ஆக்சிஜன் அணு அயனியே ஆட்சி செய்கிறது. மேலே சொன்ன விதிவிலக்கு இங்கே பொதுவிதியாகிவிட வேண்டும், ஆனால் ஆவதில்லை. ஒளி உமிழ்ந்து மறுசேர்வதற்கான குணகம் சுமார் 4 × 10⁻¹². எலக்ட்ரான் அடர்த்தி 10⁶ என்றாலும் அதன்படி ஆயுள் கிட்டத்தட்ட மூன்று நாட்கள். மெய்யான தேய்வு அதைவிடப் பன்மடங்கு வேகமானது. ஆக்சிஜன் அணு அயனி முதலில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறோடு வினைபுரிந்து நைட்ரிக் ஆக்சைடு அயனியாகவோ, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறிடம் மின்சுமையை மாற்றி ஆக்சிஜன் மூலக்கூறு அயனியாகவோ ஆகிறது. அப்படிப் பிறந்த மூலக்கூறு அயனி அடுத்த சில வினாடிகளில் ஓர் எலக்ட்ரானைப் பெற்றுப் பிளந்துவிடுகிறது. இரண்டு படிகளில் மெதுவானது முதற்படியாகையால் அதுவே வேகத்தைத் தீர்மானிக்கிறது. அதற்கு வேண்டியது நடுநிலை மூலக்கூறு, எலக்ட்ரான் அன்று. எனவே இழப்பு எலக்ட்ரான் அடர்த்தியின் ஒருபடிக்கு ஏற்ப நடக்கிறது. 300 கி.மீ.-இல் இந்த ஒருபடிக் குணகம் வினாடிக்கு 10⁻⁴ அளவில் இருக்கும். ஆயுள் ஏறத்தாழ மூன்று மணி நேரம். இரண்டாம் படியில் பிளக்கும் ஆக்சிஜன் மூலக்கூறு அயனி கிளர்ச்சியுற்ற அணுக்களை உதிர்ப்பதால்தான் இரவு வானில் 630 நானோமீட்டர் சிவப்பொளி இந்த உயரத்திலிருந்து வருகிறது. அந்த ஒளியை அளப்பவர் உண்மையில் மறுசேர்க்கை வீதத்தையே அளக்கிறார்.

வடிவத்தைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எஃப் அடுக்கு போல வேறெதுவும் தெளிவாகக் காட்டாது. சூரியன் மறையும்போது எலக்ட்ரான் அடர்த்தி 10⁶ என்று கொள்வோம். ஒருபடி விதிப்படி ஒரு மணி நேரத்துக்குப்பின் 7 லட்சம் இருக்கும். பத்து மணி நேரத்துக்குப்பின் சுமார் 27,000 இருக்கும். இ அடுக்கின் குணகத்தையும் இருபடி விதியையும் இங்கே பொருத்தினால் ஒரு மணி நேரத்திலேயே 930-க்குக் கீழே போய்விடும். இ அடுக்குக் கணக்கில் 10⁵-இல் தொடங்கியபோதும் ஏறக்குறைய இதே எண் வந்ததைக் கவனிக்க வேண்டும். இருபடித் தேய்வுக்குப் போதிய நேரம் கொடுத்துவிட்டால் அது தொடக்க அடர்த்தியை மறந்துவிடுகிறது. எஞ்சுவது குணகத்தையும் கழிந்த நேரத்தையும் மட்டுமே பொறுத்தது. ஒருபடித் தேய்வோ தொடக்க மதிப்பை விகிதம் மாறாமல் கடைசிவரை சுமந்து செல்கிறது. இரவு முழுவதும் எஃப் அடுக்கு தாக்குப்பிடிப்பதில் மேலிருந்து கீழே பரவி வரும் அயனிகளுக்கும் காற்றால் அடுக்கு உயர்த்தப்படுவதற்கும் பங்குண்டு. இருந்தும் அடிப்படைக் காரணம் இந்த ஒருபடி வடிவமே.

இ அடுக்கு முடிந்து எஃப் அடுக்கு தொடங்கும் 150–200 கி.மீ. இடைவெளியில் எந்த விதியைத் தேர்வது என்று தடுமாறத் தேவையில்லை. இரண்டு படிகளையும் அடுத்தடுத்து எழுதிச் சமநிலையைக் கணக்கிட்டால் ஒரே கோவை கிடைக்கிறது: இருபடிக் குணகம், ஒருபடிக் குணகம், அடர்த்தியின் இருபடி ஆகிய மூன்றின் பெருக்கலை, ஒருபடிக் குணகத்தோடு இருபடிக் குணகம் பெருக்கல் அடர்த்தியைக் கூட்டிவந்த தொகையால் வகுக்க வேண்டும். நடுநிலை மூலக்கூறுகள் நிறைந்திருக்கும் கீழ்ப்பகுதியில் இது தானாகவே இருபடி விதியாகவும், அவை குறையும் மேற்பகுதியில் ஒருபடி விதியாகவும் மாறிக்கொள்கிறது. கணினியில் எழுதுவதற்கும் இதில் கூடுதல் சிரமம் ஒன்றுமில்லை. 100 முதல் 300 கி.மீ. வரை கணக்கிட விரும்பும் எவரும் உயரத்தைத் துண்டு போட்டு இரண்டு விதிகளை ஒட்டவைப்பதைவிட இந்த ஒரே கோவையைப் பயன்படுத்துவதே மேல். எஃப் அடுக்கின் உச்சியில் இழப்பும் பரவலும் சம வேகத்தில் நடக்கத் தொடங்குகின்றன. அதற்கு மேல் பரவல்தான் அடர்த்தியைத் தீர்மானிக்கிறது. 500 கி.மீ.-ஐத் தாண்டியபின் மறுசேர்க்கைக் குணகத்தைப் பற்றி யோசிப்பதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

ஒத்திவைத்த டி அடுக்குக்கு வருவோம். 60 முதல் 90 கி.மீ. வரையுள்ள இங்கே எலக்ட்ரான்களும் எதிர் அயனிகளும் ஒரே இடத்தில் வாழ்கின்றன. எலக்ட்ரானை ஆக்சிஜன் பிடிக்கும் வேகம் ஆக்சிஜன் அடர்த்தியின் இருபடிக்கு ஏற்ப அமைவதால் உயரத்தோடு அது செங்குத்தாகச் சரிகிறது: 70 கி.மீ.-இல் ஓர் எலக்ட்ரான் பிடிபடச் சில வினாடிகள் ஆகின்றன, 80 கி.மீ.-இல் சில நிமிடங்கள். பகலில் சூரிய ஒளியும் ஆக்சிஜன் அணுக்களும் பிடிபட்ட எலக்ட்ரானை மீட்டுவிடுகின்றன. இரவில் அந்த மீட்பு தளர்ந்துவிடுவதால் எதிர் அயனிகள் மேல்நோக்கிப் பரவுகின்றன. நேர் அயனிகளிலும் இரண்டு குடும்பங்கள் உண்டு. சுமார் 82–85 கி.மீ.-க்கு மேல் நைட்ரிக் ஆக்சைடு, ஆக்சிஜன் மூலக்கூறு அயனிகள். அதற்குக் கீழே ஒரு புரோட்டானைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டிய கொத்து அயனிகள். ராக்கெட்டில் நிறை நிறமாலைமானியை ஏற்றி இந்தக் கொத்துகளை 1960-களின் நடுவில் நார்சிசியும் பெய்லியும் வெளிக்கொணர்ந்தபோது, அது பலரும் எதிர்பாராத முடிவாக இருந்தது. கொத்து அயனிகள் எலக்ட்ரான்களோடு மறுசேரும் குணகம் 10⁻⁶ முதல் 10⁻⁵ வரை செல்கிறது. சாதாரண மூலக்கூறு அயனிகளைவிடப் பத்து மடங்கும் அதற்கு மேலும் வேகம். ஆகவே 85 கி.மீ. எல்லையை ஒட்டிச் சில கிலோமீட்டர் இறங்கினாலே எலக்ட்ரான் அடர்த்தி சட்டென்று விழுகிறது.

இங்கே மூன்று தேர்வுகள் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே பயனுறு குணகத்தில் அடக்கி, உயரத்துக்கு ஒரு மதிப்பு என்று அட்டவணையிலிருந்து எடுப்பது முதலாவது. பகல் நேரத்து வானொலி அலை உறிஞ்சலைத் தோராயமாக மதிப்பிடுவதைத் தவிர வேறெதற்கும் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டாவது, எதிர் அயனிகளுக்கும் எலக்ட்ரான்களுக்கும் உள்ள விகிதத்தை, அதாவது லாம்டாவை, வெளிப்படையாக வைத்துக்கொள்வது. எலக்ட்ரான்களுக்கான பயனுறு குணகம் அப்போது இரண்டு காரணிகளின் பெருக்கலாகும்: முதலாவது, 1 என்ற எண்ணோடு லாம்டாவைக் கூட்டியது, மற்றொன்று, எலக்ட்ரான் மறுசேர்க்கைக் குணகத்தோடு லாம்டா பெருக்கல் அயனி–அயனிக் குணகத்தைக் கூட்டியது. கொத்து அயனிக்கு 5 × 10⁻⁶, அயனி–அயனிக்கு 6 × 10⁻⁸ என்று வைத்து லாம்டாவைப் பூச்சியத்திலிருந்து 100-க்கு உயர்த்தினால், பயனுறு குணகம் 5 × 10⁻⁶-இலிருந்து 10⁻³-க்கும் மேலே ஏறுகிறது. ஒரே உற்பத்தி வீதத்தில் எலக்ட்ரான் அடர்த்தி பதினைந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் நேர் அயனிகள் ஏறத்தாழ ஏழு மடங்கு கூடிவிடுகின்றன. வேகமாக மறுசேரக்கூடிய எலக்ட்ரான்கள் மெதுவாக மறுசேரும் எதிர் அயனிகளுக்குள் அடைபட்டுவிடுவதே இதற்குக் காரணம். அளக்கும் கருவி எலக்ட்ரான்களைப் பார்க்கிறதா, மொத்த நேர் அயனிகளைப் பார்க்கிறதா என்பதைக் கேட்காமல் இந்த அடுக்கில் மாதிரியையும் அளவீட்டையும் ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது தேர்வு நடுப்பகலிலும் நள்ளிரவிலும் நன்றாகவே வேலை செய்கிறது. பிடிபடுதலும் மீட்பும் ஒன்றுக்கொன்று ஈடாகி லாம்டா நிலைத்திருக்கும் வரை அதன்மேல் நம்பிக்கை வைக்கலாம். விடியலிலும் அந்தியிலும் அந்த அனுமானம் உடைந்துவிடுகிறது. ஒளி மாறும் வேகத்துக்கு எதிர் அயனிகளின் வேதியியல் ஈடுகொடுப்பதில்லை. முதலில் பிறந்த ஆக்சிஜன் எதிர் அயனி படிப்படியாக எளிதில் எலக்ட்ரானை விடாத கார்பனேட், நைட்ரேட் எதிர் அயனிகளாக மாறியிருக்கும் என்பதால் கடந்த சில மணி நேர வரலாறும் கணக்கில் வருகிறது. சூரியப் புயலின்போது துருவப் பகுதியில் பொழியும் புரோட்டான்களால் உற்பத்தி வீதம் பல படிநிலைகள் ஏறும்போதும் இதுவே நிலை. அத்தகைய தருணங்களுக்கு மூன்றாவது தேர்வான முழு அயனி வேதியியல் மாதிரியே ஏற்றது. பின்லாந்தின் சோடன்கிலாவில் வளர்ந்த மாதிரியைப் போன்றவை ஒவ்வோர் அயனிக்கும் தனிச் சமன்பாடு வைத்து, பல நூறு வினைகளை ஒருசேரத் தீர்க்கின்றன. அவற்றுக்கு நீராவி, ஆக்சிஜன் அணு, ஓசோன், நைட்ரிக் ஆக்சைடு ஆகியவற்றின் உயரவாரியான அளவுகளை உள்ளீடாகத் தர வேண்டும். அந்த உள்ளீடுகள் கையில் இல்லாதபோது மாதிரியின் நுணுக்கம் வெறும் தோற்றமே. உள்ளீடுகள் கிடைக்காத இடத்தில் லாம்டா வடிவத்தைத் தேர்ந்து, விடியலுக்கும் அந்திக்கும் முன்பின் ஒரு மணி நேரத்தை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிடுவதையே நான் விரும்புவேன்.